ரியாஸ் திரும்பும் வளைகோடு

வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் ரியாஸ் ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். அனுப்பினால் அடுத்த மாதம் முதல் மெல்பர்னில் வேலை. அனுப்பாவிட்டால் அந்த வேலை வேறு யாருக்காவது போய்விடும்.

இதில் யும்னா செய்யக்கூடியது ஒன்றுமில்லை. அதனால்தான் திங்கட்கிழமையிலிருந்து அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

செய்தியை ரியாஸ் அவளிடம் சொல்லவில்லை. முதலாளி அன்னம்மா சொல்லித்தான் தெரியும். அன்னம்மாவும் ஏதோ வானிலை அறிக்கை படிப்பது போலச் சொல்லிவிட்டு, கம்பெனியில் பாதி ஆள் போகப்போகிறான் என்று முனகிக்கொண்டே காப்பி வாங்கப் போய்விட்டார். பாதி ஆள் என்பது கொஞ்சம் மிகை. கம்பெனியில் மொத்தமே நாலு பேர்.

ஜாலான் புசார் தெருவில் குழாயும் வாளியும் திருகாணியும் விற்கும் முகைதீன் மாமாவின் கடைக்கு மேல், செங்குத்தான மரப்படியில் ஏறினால் வருகிறது அந்த அனிமேஷன் கம்பெனி. அன்னம்மா கதை சொல்வார், கத்துவார், வாடிக்கையாளர்களைப் பிடிப்பார். ரியாஸும் யும்னாவும் உருவங்களை அசைய வைப்பார்கள். அசைந்ததையெல்லாம் சேர்த்து, சத்தம் சேர்த்து, படமாக்கிக் கொடுப்பது ஷங்கர்.

இப்போதைய வேலை ஒரு மைனா. தேக்கா உணவங்காடியில் மேசை மேசையாகத் திருடித் தின்னும் ஒரு மைனாவைப் பற்றிய சிறுவர் தொடர். முப்பது விநாடி மாதிரிப் படம் தயாராகிக்கொண்டிருந்தது. தொலைக்காட்சியிலிருந்து இல்ஹாம் என்ற தயாரிப்பாளர் வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அதைப் பார்க்க வருகிறார். பிடித்திருந்தால் இருபத்தாறு பாகம். சிரிக்கவே தெரியாத மனிதர் என்று ஊரில் பேர் வாங்கியவர்.

யும்னாவின் வேலையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் அவள் செய்த தப்பின் அளவு புரியாது.

மைனாவின் தலை இந்த விநாடியில் இடதுபக்கம், அடுத்த விநாடியில் வலதுபக்கம் என்று இரண்டு புள்ளிகளைக் கணினியிடம் சொன்னால் போதும். நடுவில் இருக்கும் படங்களை அதுவே நிரப்பிவிடும். ஆனால் லிஃப்ட் மேலே போவது போல நிரப்பும். ஒரே சீராக, உயிரே இல்லாமல். உயிர் வேண்டுமானால் அந்த இரண்டு புள்ளிகளை இணைக்கும் கோட்டை வளைக்க வேண்டும். கோடு படுத்துக் கிடந்தால் அசைவு மெதுவாகும். நிமிர்ந்து நின்றால் வேகம். கடைசிப் புள்ளியைத் தாண்டி மேலே போய்க் கீழே இறங்கினால், மைனாவின் தலையும் போகவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வரும். ஒவ்வொரு புள்ளிக்கும் இரண்டு பக்கமும் மீசை போலச் சின்னப் பிடிகள் உண்டு. அந்த மீசையை இழுப்பது, முறுக்குவது, தளர்த்துவது, இதற்குத்தான் யும்னாவுக்குச் சம்பளம்.

நல்ல வளைகோடுகளை அவள் புத்தகத்திலிருந்து எடுப்பதில்லை. ஆட்களிடமிருந்து எடுப்பாள். புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து ரயிலேறி வரும்போது வண்டி கிளம்பினால் நிற்பவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் பின்னால் சாய்வார்கள், நிமிர்வார்கள், கொஞ்சம் அதிகமாக நிமிர்ந்து மூக்கு முன்னால் போய்ப் பிறகு சரியாவார்கள். யும்னா மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு உதடு அசைய எண்ணிக்கொண்டிருப்பாள். விநாடிக்கு இருபத்துநாலு படம். மூக்கு முன்னால் போனது ஐந்து படம், திரும்பி வந்தது எட்டு. ஆபீசுக்கு வந்ததும் கோடு வரைந்து, யாரிடமிருந்து எடுத்தாளோ அவர்கள் பேரையே வைத்துக் கணினியில் தன் பெட்டியில் சேமித்துவிடுவாள்.

‘சிச்சா_எழுந்திருப்பது’ என்று ஒன்று. சிச்சா என்றால் அவள் சித்தப்பா. சோபாவிலிருந்து எழுவதைப் பற்றி ஆறு விநாடி யோசித்து, கோடு தரையிலேயே படுத்திருந்து, திடீரென்று எழுந்து நின்றுவிடும். ‘மாமி_விடைபெறுவது’ வாசல்வரை போய், ஏதோ ஞாபகம் வந்து திரும்பி, மறுபடி போய், மறுபடி திரும்பி, அலை அலையாகச் சிறுத்துக்கொண்டே போய் முக்கால் மணி நேரம் கழித்து லிஃப்ட்டில் முடியும். தேக்கா மீன்கடைக்காரர் வெட்டுவதில் வளைவே கிடையாது, வெறும் படிக்கட்டு. ‘அன்னம்மாக்கா_பொறுமை’ ரொம்ப நேரம் சமதரை. பிறகு சுவர்.

பெட்டியின் கடைசியில் இருந்தது ‘ரியாஸ்_திரும்பும்போது’.

ரியாஸ் ஜன்னலைப் பார்த்து உட்காருபவன். வாசல் அவன் முதுகுக்குப் பின்னால். காலையில் அவள் கதவைத் திறந்தால் நாற்காலியோடு சட்டென்று திரும்புவான். அவளைத் தாண்டிப் போய்த் தண்ணீர்க் குடுவையைப் பார்ப்பான். மெல்லத் திரும்பி வந்து, அவள் காதுக்குப் பக்கத்தில் எங்கோ ஒரு இடத்தில் பார்வையை நிறுத்தி, வந்துட்டியா என்பது போலத் தலையை ஆட்டிவிட்டு ஜன்னலுக்கே போய்விடுவான். யும்னா அதைப் பதினாலு நாள் எண்ணினாள். வேலைக்காகத்தான் எண்ணுகிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு அந்தக் கோட்டை எந்தப் படத்திலும் பயன்படுத்தாமல் வைத்துக்கொண்டாள். சில நாள் மதியம் சும்மா திறந்து பார்ப்பாள். திரையில் ஒரு கோடு ஏறும், தாண்டும், இறங்கும். அவ்வளவுதான். அவளுக்குக் காது சூடாகிவிடும்.

வியாழக்கிழமை ஷங்கர் கணினிகளை மாற்றினான். அவரவர் சொந்தமாகச் சேர்த்து வைத்திருப்பதைப் பொதுப் பெட்டியில் போட்டுவிடுங்கள், மாற்றும்போது தொலைந்தால் என்னைத் திட்டாதீர்கள் என்று அறிவித்தான். யும்னாவின் மனசு அப்போது மெல்பர்னில் இருந்தது. அங்கே குளிர் எப்படி, அங்கே யார் கதவைத் திறந்துகொண்டு வருவார்கள் என்ற யோசனையில், தன் பெட்டியை மொத்தமாகத் தூக்கிப் பொதுவில் போட்டுவிட்டாள். சிச்சா, மாமி, மீன்கடைக்காரர், அன்னம்மா, ரியாஸ், எல்லாரும் போனார்கள்.

வெள்ளிக்கிழமை மதியம் வரை மைனா சரியாகவில்லை. முப்பது விநாடியில் இருபத்தெட்டு விநாடி அருமையாக இருந்தது. மேசையில் யாரோ உளுந்து வடைத் தட்டை வைப்பார்கள், மைனா தலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அந்த ஒரு திருப்பம் மட்டும் ஒட்டவில்லை. யும்னா நாற்பத்தொரு தடவை வரைந்துவிட்டாள். நாற்பத்தொன்றாவதைப் பார்த்த அன்னம்மா, இது மைனாவா மின்விசிறியா என்று கேட்டார். நிஜ மைனாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று யும்னா தேக்காவுக்கு நடந்தாள்.

அவள் போன நேரத்தில் ஷங்கருக்குக் கை பரபரத்தது. பொதுப் பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த ஆட்களை ஒவ்வொருவராக மைனாவின் கழுத்தில் மாட்டிப் பார்த்தான். சிச்சாவை மாட்டியதும் மைனா தூங்கிவிட்டது. மாமியை மாட்டியதும் வடையைப் பார்த்தது, விட்டது, பார்த்தது, விட்டது, படம் முடிந்த பிறகும் போய்க்கொண்டே இருந்தது. மீன்கடைக்காரரை மாட்டினான். கழுத்து முறிந்தது போல இருந்ததால் அவசரமாகக் கழற்றினான். கடைசிப் பேரைப் படித்துத் தனக்குள்ளே சிரித்துக்கொண்டு அதையும் மாட்டினான்.

மைனா உயிரோடு திரும்பியது.

ஷங்கர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். ஜன்னல் பக்கம் பார்த்தான். ரியாஸ் காதில் ஹெட்போனோடு எதையோ வரைந்துகொண்டிருந்தான். அவனிடம் சொல்லவில்லை. யும்னா திரும்பி வந்தபோது அவளிடமும் சொல்லவில்லை. சரி பண்ணிட்டேன், போய் முகம் கழுவிக்கோ என்றான். மணி மூன்றே முக்கால். யும்னாவுக்குச் சண்டை போட நேரமில்லை.

நாலு மணிக்கு இல்ஹாம் வந்தார். மரப்படி ஏறிய களைப்பில் ஒரு குவளை தண்ணீர் குடித்தார், கண்ணாடியைத் துடைத்தார், பெரிய திரைக்கு முன்னால் உட்கார்ந்தார். விளக்கை அணைத்தார்கள். ரியாஸ் ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஓரமாக நாற்காலியை நகர்த்தினான். யும்னா அவன் கைப்பேசியைப் பார்த்தாள். கடிதம் அதற்குள்தான் இருக்கிறது. இன்னும் இரண்டு மணி நேரம்.

படம் ஓடியது. மைனா மேசைமேல் நடந்தது, நாலு பக்கமும் திருட்டுத்தனமாகப் பார்த்தது. வடைத் தட்டு வந்தது. மைனா திரும்பியது.

இருட்டில் ஒரு சத்தம் கேட்டது. குளிர்சாதனம் கெட்டுவிட்டதோ என்று அன்னம்மா அண்ணாந்து பார்த்தார். இல்ஹாம் சிரிக்கிறார் என்று புரியக் கொஞ்ச நேரமானது.

இன்னொரு தடவை போடச் சொன்னார். பிறகு அந்தத் திருப்பத்தை மட்டும் போடச் சொன்னார். ஆறு தடவை பார்த்துவிட்டு விளக்கைப் போடச் சொன்னார்.

“இது பசி இல்ல,” என்றார். “பசிச்ச பறவை நேரா வடையைப் பார்க்கும். இது ரொம்ப நேரமா காத்துக்கிட்டு இருக்கு. வந்ததும் டக்குனு திரும்பிடுது. ஐயோ தெரிஞ்சுபோச்சேன்னு பார்வையைத் தாண்டிக் கொண்டுபோகுது. அப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி வந்து உக்காருது. யார் பண்ணது இதை?”

இந்தத் திருப்பத்தை யும்னாவுக்குத் தெரியும்.

ஷங்கர் மதியத்திலிருந்து அடக்கிவைத்திருந்தது இனித் தாங்கவில்லை. “இதுக்குப் பேரே இருக்கு மிஸ்டர் இல்ஹாம்,” என்று சொல்லி, பொதுப் பெட்டியைப் பெரிய திரையிலேயே திறந்து காட்டினான். ஒவ்வொரு எழுத்தும் உள்ளங்கை அகலத்துக்கு நின்றது. ரியாஸ்_திரும்பும்போது.

யும்னாவின் முகத்தில் சூடு ஏறியதை யாராவது வரைந்திருந்தால் அது செங்குத்தாக நின்றிருக்கும். அவள் வேகவேகமாகப் பேசினாள். பெட்டியில் எல்லாரும் இருக்கிறார்கள், அன்னம்மாக்காகூட இருக்கிறார், என் சிச்சா இருக்கிறார், மீன் வெட்டுபவர் இருக்கிறார், யாரைப் பார்த்தாலும் எடுப்பேன், ரியாஸ் அப்படித் திரும்புவான், அதனால் எடுத்தேன், இது வேலை. ரியாஸ் தன் ஹெட்போன் வயரின் நுனியை ஆராய்ந்துகொண்டிருந்தான்.

அன்னம்மா நெற்றியைச் சுருக்கினார்.

“ரியாஸா? எந்த ரியாஸ்?”

“நம்ம ரியாஸ்தான்க்கா,” என்றான் ஷங்கர்.

“சும்மா இரு லா. இவனை அஞ்சு தடவை கூப்பிட்டா ஒரு காதுல மட்டும் ஹெட்போனை எடுப்பான். மூணு வருஷமா நான் இவன் கன்னத்தைத்தான் பார்த்துக்கிட்டு இருக்கேன். இவன் எங்க திரும்பினான்?”

இல்ஹாமுக்கு ஆர்வம் வந்துவிட்டது. நிஜ ஆளே எதிரில் இருக்கும்போது சோதித்துப் பார்த்துவிடலாமே என்றார். ரியாஸை ஜன்னல் பக்கம் திரும்பி உட்காரச் சொன்னார்கள். பாவம், உட்கார்ந்தான். அன்னம்மா பேர் சொல்லிக் கூப்பிட்டார். தண்ணீர் லாரி சந்துக்குள் திரும்புவது போல ரியாஸ் திரும்பினான். ஷங்கர் கூப்பிட்டான். ரியாஸ் திரும்பவே இல்லை, கையை மட்டும் தூக்கிக் காட்டினான். இல்ஹாம் தாமே கூப்பிட்டுப் பார்த்தார். மரியாதைக்காக முக்கால்வாசி திரும்பினான்.

இல்ஹாம் தலையை ஆட்டினார். படம் நன்றாக இருக்கிறது, ஆனால் பேர் பொருந்தவில்லை என்றார். “இந்த வளைகோடு தப்பும்மா. இவர் இப்படித் திரும்பற ஆளே இல்ல.”

யும்னா எதை வேண்டுமானாலும் தாங்கிக்கொள்வாள். வெட்கத்தில் இருந்தாள், பயத்தில் இருந்தாள், நாலு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் அவள் எண்ணியது தப்பு என்று இதுவரை ஒருத்தரும் சொன்னதில்லை. அவளுக்குள் இருந்த வேலைக்காரி எழுந்து நின்றாள்.

“தப்பே இல்ல மிஸ்டர் இல்ஹாம். பதினாலு நாள் எண்ணியிருக்கேன். ஆறு படத்துல திரும்பிடுவான். அதுக்கு மேல பதினோரு டிகிரி தாண்டித் தண்ணிக் குடுவைகிட்ட போவான். திரும்பி வர ஒன்பது படம். ஒரு நாள்கூட மாறினது இல்ல.”

“எப்போ எண்ணினே?” என்று கேட்டார் அன்னம்மா.

“காலைல. தினம் ஒன்பது நாற்பதுக்கு.”

“ஒன்பது நாற்பதுக்கு இங்க என்ன நடக்குது?”

“ஒண்ணும் நடக்கல. நான் உள்ள வருவேன்.”

சொன்ன பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது.

கீழே முகைதீன் மாமா யாரிடமோ அரை அங்குலமா முக்கால் அங்குலமா என்று கேட்பது மாடி வரை தெளிவாகக் கேட்டது.

“நான் ஒன்பது மணிக்கு வர்றேன்,” என்றார் அன்னம்மா யோசனையோடு. “எனக்கு ஒரு நாளும் திரும்பினது இல்ல.”

தான் ஒன்பதரைக்கு வருவதாகவும், தனக்கும் இல்லை என்றும் ஷங்கர் தெரிவித்தான். அதற்குள் அவன் முகத்தில் இருந்த குறும்பு போய், பெரிய கண்டுபிடிப்பு செய்தவனின் திகைப்பு வந்திருந்தது.

யும்னா திரையைப் பார்த்தாள். ஏறும் கோடு, தாண்டும் கோடு, இறங்கும் கோடு. ஒரு மாதமாக அடிக்கடி திறந்து பார்த்த கோடு. ரியாஸின் இயல்பு என்று நினைத்துத்தான் வரைந்தாள். கதவைத் திறப்பது யார் என்று அவள் கணக்கில் எடுக்கவே இல்லை.

ரியாஸ் எழுந்தான். காது மடல் இரண்டும் செம்பருத்தி போல இருந்தன. பிரிண்டரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு போனான். மரப்படியில் அவன் இறங்கும் சத்தம் கேட்டது.

“பிரிண்டரைப் போன வருஷமே வித்துட்டோம்,” என்றான் ஷங்கர்.

இல்ஹாம் கண்ணாடியைக் கழற்றி மறுபடி துடைத்தார். இருபத்தாறு பாகத்துக்கும் சம்மதம் என்றார். ஒவ்வொரு பாகத்திலும் அந்தத் திருப்பம் ஒரு தடவையாவது வர வேண்டும், அது மட்டும்தான் தம் நிபந்தனை. மற்றபடி ஒப்பந்தம் பற்றி அவரும் அன்னம்மாவும் பேச ஆரம்பித்தார்கள். பேச்சு நீண்டது. யும்னா அசையாமல் நின்றாள். மணி ஐந்து பத்து. ஐந்து பதினொன்று.

அன்னம்மா பேச்சை நிறுத்தாமலே அவளைப் பார்த்தார். “இன்னும் என்ன எண்ணிக்கிட்டு நிக்கிறே? போ.”

யும்னா மரப்படியில் இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கினாள்.

ரியாஸ் தூரம் போகவில்லை. முகைதீன் மாமாவின் கடை வாசலில், நடைபாதையில் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்த பிளாஸ்டிக் வாளிகளுக்கு முன்னால், வாளி வாங்க வந்தவன் போல முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

“ரியாஸ்.”

அவன் தோள் லேசாகத் துடித்தது. ஆனால் திரும்பவில்லை.

“திரும்ப மாட்டேன்,” என்றான்.

“ஏன்?”

“நீ எண்ணுவே.”

யும்னாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. எண்ண மாட்டேன் என்றாள். சத்தியமா என்று அவன் வாளிகளைப் பார்த்துக் கேட்டான். பழக்கமாகிவிட்டது, முயற்சி செய்கிறேன் என்றாள். அது போதாது என்றான் ரியாஸ். இனி ஜென்மத்துக்கும் தன்னால் இயல்பாகத் திரும்ப முடியாது, நாளைக்குக் கடையில் யாராவது கூப்பிட்டால்கூட ஆறு படமா ஏழு படமா என்றுதான் தோன்றும் என்று புலம்பினான்.

அவன் திரும்பாவிட்டால் அவள்தான் முன்னால் போக வேண்டும். முன்னால் போக வழியில்லை. இந்தப் பக்கம் துடைப்பக் கட்டுகள், அந்தப் பக்கம் சுருட்டி வைத்த தண்ணீர்க் குழாய், நடுவில் வாளிகள். யும்னா பக்கவாட்டில் நுழைந்து பார்த்தாள். முதலில் ஒரு துடைப்பம் விழுந்தது. அதைப் பிடிக்கப் போனபோது முழங்கை வாளியில் பட்டது. வாளிக் கோபுரம் ஒரு கணம் யோசித்துவிட்டு, ஜாலான் புசார் நடைபாதை முழுக்கச் சிவப்பும் நீலமுமாக உருண்டது. ஒரு வாளி பேருந்து நிறுத்தம் வரைக்கும் போனது. கல்லாவிலிருந்து முகைதீன் மாமா எழுந்து வந்து, இருவரையும் பார்த்துவிட்டு, திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டார்.

இப்போது வாளிகள் இல்லை. யும்னாவும் ரியாஸும் நேருக்கு நேர் நின்றார்கள். அவள் கையில் எப்படியோ ஒரு துடைப்பம் இருந்தது.

“கடிதம் போட்டுட்டியா?” என்று கேட்டாள்.

இல்லை என்றான். மூன்று தடவை நாள் தள்ளி வாங்கியிருக்கிறான். இது மூன்றாவது, இனிக் கிடைக்காது. எதற்குத் தள்ளினாய் என்று அவள் கேட்டாள். நீ ஏதாவது சொல்வாய் என்றுதான் என்றான். நீ என்னிடம் சொல்லவே இல்லையே, எதைப் பற்றி நான் சொல்ல என்று யும்னாவுக்குக் கோபம் வந்தது.

“சொன்னா நீ கங்கிராஜுலேஷன்ஸ்னு சொல்லிடுவியோன்னு பயமா இருந்துச்சு,” என்றான் ரியாஸ்.

யும்னா யோசித்தாள். சொல்லியிருப்பாள். சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, ரயிலில் புக்கிட் பாஞ்சாங் வரை அழுதிருப்பாள்.

“பதினாலு நாள் ஒருத்தனை வேலைக்காக எண்ணினேன்னு நான் சொன்னதை நீ நம்பினியா?”

“பாதி நம்பினேன்.”

“நம்பாத. போகாத, ரியாஸ். எனக்கு நீ இங்க இருக்கணும். மைனாவுக்காக இல்ல.”

அவன் முகத்தில் ஒரு சிரிப்பு வாயின் ஓரத்தில் தொடங்கி, நிற்கத் தெரியாமல் காது வரைக்கும் போனது. யும்னா எண்ணவில்லை. எண்ணத் தோன்றவே இல்லை.

மெல்பர்னில் தனக்குக் கொடுக்கப்போவது கூட்டத்தை அசைய வைக்கும் வேலை என்றான். பெரிய படங்களில் தூரத்தில் நடந்து போகும் ஆட்கள். யார் முகமும் தெரியாது. மூன்று வருஷத்துக்கு அதுதான் வேலை. பேர் பெரிய பேர், அதனால் ஆசைப்பட்டான், இன்றைக்கும் கொஞ்சம் ஆசை இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன் என்றான். யும்னா இருபத்தாறு பாகம் பற்றிச் சொன்னாள். அவன் அந்தத் துடைப்பத்தை அவள் கையிலிருந்து வாங்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, கைப்பேசியை எடுத்தான்.

கவிழ்ந்து கிடந்த இரண்டு வாளிகள்மேல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ரியாஸ் தட்டச்சு செய்து காட்டினான். நன்றி, நான் வரவில்லை. அவ்வளவுதான்.

“இது என்ன, பட்டுனு சுவத்துல மோதி நிக்குது,” என்றாள் யும்னா. “மூணு தடவை நாள் கொடுத்தவங்க. கொஞ்சம் மெதுவா நிறுத்து.”

அவன் திருத்தினான். இப்போது நன்றி நாலு வரி, வருத்தம் ஐந்து வரி, எதிர்காலம் பற்றி ஒரு பத்தி. படித்தால் அடுத்த விமானத்தில் வந்து இறங்குகிறான் என்றுதான் தோன்றியது. யும்னா கைப்பேசியைப் பிடுங்கி நடுவில் இரண்டு வரியை வெட்டினாள். வரவில்லை என்ற சொல்லை அவன் மேலே கொண்டுவந்தான். அவள் கீழே இறக்கினாள். இந்த இடத்தில்தான் வேகம் குறைய வேண்டும் என்றாள். குறைந்தால் தூங்கிவிடுவார்கள் என்றான். ஒரு காற்புள்ளிக்காக மட்டும் நாலு நிமிஷம் சண்டை போட்டார்கள். வாளி வாங்க வந்த ஒரு பெண்மணி கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, இந்த இரண்டும் விற்பனைக்கு இல்லை போலிருக்கிறது என்று எண்ணி உள்ளே போனார்.

ஐந்து ஐம்பத்திரண்டுக்குக் கடிதம் போனது.

அதே நிமிஷத்தில் பதில் வந்தது. இருவரும் தலை முட்டிக்கொள்ளக் குனிந்து படித்தார்கள். தானாக வரும் பதில். சம்பந்தப்பட்ட அதிகாரி வியாழக்கிழமையே விடுமுறையில் போய்விட்டாராம். அடுத்த புதன்கிழமைதான் வருவாராம். அவசரம் ஒன்றுமில்லையே என்று நம்புகிறாராம்.

ரியாஸ் சிரிக்க ஆரம்பித்தான். யும்னாவுக்கும் பிடித்துக்கொண்டது. அவள் உட்கார்ந்திருந்த வாளி ஒரு பக்கம் நசுங்கி அவளைத் தரையில் இறக்கியது, அவள் தரையில் உட்கார்ந்தபடியே சிரித்தாள். மேலேயிருந்து ஜன்னல் திறக்கும் சத்தம் கேட்டது. மூன்று தலைகள் எட்டிப் பார்த்தன. நடுத்தலை அன்னம்மா.

“அனுப்பிட்டியா இல்லையா?” என்று கேட்டார்.

“இல்லன்னு அனுப்பிட்டேன்க்கா.”

அன்னம்மா இல்ஹாமைப் பார்த்தார். இல்ஹாம் இன்று இரண்டாவது தடவையாகச் சிரித்தார். ஷங்கர் எதையோ கத்தப் போனான், அன்னம்மா அவன் தலையைப் பிடித்து உள்ளே இழுத்து ஜன்னலைச் சாத்தினார்.

முகைதீன் மாமா கல்லாவிலிருந்தே ஒரு விரலை நீட்டி நடைபாதையைக் காட்டினார். நாற்பது வாளி. எட்டு மணிக்குக் கடை மூடுவேன் என்றார்.

ரியாஸ் பேருந்து நிறுத்தம் வரை போய் அந்த ஒற்றை வாளியைப் பிடித்துக்கொண்டு வந்தான். யும்னா நீலத்தையெல்லாம் ஒரு பக்கமும் சிவப்பையெல்லாம் ஒரு பக்கமும் பிரித்தாள். அப்படிப் பிரிக்கத் தேவையே இல்லை. நாற்பது வாளியை அடுக்க ஐந்து நிமிஷம் போதும். அவர்கள் ஏழரை மணி வரைக்கும் அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.